மாடிக்கடையில் வாங்கிய லேப்டாப்

கம்ப்யூட்டர் விற்கிறவன் எவனும் யோக்கியன் இல்லை என்ற முடிவுக்கு, கடையின் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்பே தடவல் வந்துவிட்டார். அதிலும் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துப் பளபளப்பாக்கி விற்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம்.

தடவல் என்பது துணி மில்லில் அவருக்கு வைத்த பெயர். வேலை முடிந்து வெளியே போகிற ஆண்களை வாசலில் நிறுத்தி, தடவிப் பார்த்து அனுப்புகிற வேலை அவருக்கு. இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு போகிறவன், சாப்பாட்டு டப்பாவில் நூல்கண்டை அடைத்துக்கொண்டு போகிறவன், பிடிபட்டதும் காலில் விழுகிறவன், சட்டையைப் பிடிக்கிறவன் என்று எல்லா ரகமும் பார்த்தாயிற்று. கடைசிக் காலத்தில் அந்த வேலையையும் கேமரா எடுத்துக்கொண்டது. அவரை ஒரு புழுக்கமான அறையில் உட்காரவைத்து, சுவரில் மாட்டிய டிவியைப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேதான் கேமரா என்றால் என்னவென்று அவருக்குப் புரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மனுஷன் அழுவான், தனியாகப் பேசுவான், மூக்கைத் தோண்டுவான். பெண்கள் மூலையில் ஒதுங்கிப் புடவையைச் சரிசெய்வார்கள். கூட உட்கார்ந்திருந்தவன்கள் அதற்கு என்ன சொல்லிச் சிரித்தான்கள் என்பதை வெளியே சொல்ல முடியாது. சில நாள் அவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

இப்போது மில்லும் இல்லை, மனைவியும் இல்லை. வாடகை வீட்டில் அவரும் இளைய மகளும்தான். மகள் பஸ் கம்பெனியில் டிக்கெட் பதிகிற இடத்தில் வேலை பார்த்தவள். வேன் இடித்து இடுப்பில் தகடு வைத்ததிலிருந்து இரண்டு கட்டையை ஊன்றித்தான் நடை. கட்டிக்கொண்டவன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தான், மூன்றாவது தடவை வரவில்லை, அவ்வளவுதான் அவன் கதை. பெரியவரின் பென்ஷன் வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். சாப்பாட்டுக்குக் கையைப் பிசைய வேண்டும்.

மூத்த மாப்பிள்ளை போன் போட்டார். "சமையலறைக்குப் பக்கத்துல சாமான் ரூம் ஒண்ணு இருக்கு. ஒழிச்சுக் குடுத்துடறோம். தங்கச்சி வந்து இருக்கட்டும் மாமா. பிள்ளைங்களையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்றார்.

அந்த வீட்டில் வேலைக்காரி நின்று மூன்று மாதம் ஆகிறது. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமலேயே புரிந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் மகளுக்கு ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்த்து வீட்டிலிருந்தே பதிகிற வேலை. சம்பளம் இரண்டு பேருக்குப் போதும். லேப்டாப் மட்டும் சொந்தமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலை அதிலேயே பரீட்சை வைப்பார்கள். அது கிடைத்தால் இந்த வீடு. கிடைக்காவிட்டால் அந்தச் சாமான் ரூம்.

சனிக்கிழமை ஆட்டோ பிடித்துப் போனார்கள். கடை இரண்டாவது மாடியில். படி செங்குத்தாக, கைப்பிடி இல்லாமல் இருந்தது. மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "நான் ஆட்டோவிலயே இருக்கேன். நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்கப்பா" என்றாள்.

கடைக்காரன் முப்பது வயசு இருப்பான். கழுத்தில் பட்டை வைத்த பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு லேப்டாப்பின் வயிற்றைப் பிளந்து வைத்திருந்தான். வந்த விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "பாப்பா கீழ இருக்காங்களா? நான் வேணா கொண்டாந்து காட்டறேனே" என்றான்.

"வேணாம். இங்க ஒண்ணைக் காட்டி, படியிறங்கறதுக்குள்ள வேற ஒண்ணா மாறும்."

"அப்ப நம்பர் குடுங்க, போன்ல பேசிடறேன்."

"வீட்டுப் பொண்ணு நம்பரைக் கடைகடையாக் குடுக்கறதுக்கு நான் என்ன நோட்டீசா ஒட்ட வந்தேன்?"

போன் ஒன்றுதான், அது மகளிடம். ஆகவே பெரியவரே தூது போனார். அவன் நாலு ஜிபி ராம் மெமரி என்றான். இறங்கி வந்து சொன்னார். "எட்டு வேணும்பா. நாலு இருந்தா அவங்க சாப்ட்வேர் படுத்துடும்" என்றாள் மகள். ஏறினார். எட்டு போட்டால் விலை எட்டாது என்றான். இறங்கினார். "பாட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேளுங்க." ஏறினார்.

மூன்றாவது தடவை இறங்கியபோது ஆட்டோக்காரன் சிரித்தான். "என்ன பெரியவரே, மாடியில ஏதாவது பொண்ணு பாத்திருக்கீங்களா? இந்த ஏறு ஏறுறீங்க!"

"உன் மீட்டரை நான் பாக்கறேன், நீ என் காலைப் பாக்காதே" என்றார். மகள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகு நாளாகிறது. அதற்காகவே நாலாவது தடவை ஏறினார்.

கடைக்காரன் இரண்டு லேப்டாப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தான். பார்க்க இரட்டைப் பிள்ளை மாதிரி இருந்தன. "ரெண்டும் ஒரே மாடல். இதுல மட்டும் கேமரா செத்துப்போச்சு. அதனால விலை கம்மி. அந்த மிச்சத்துல எட்டு ராம் போட்டுடலாம். ஆனா..."

"கேமராவா? எங்க?"

திரைக்கு மேலே கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளியை விரலால் காட்டினான்.

தடவல் குனிந்து பார்த்தார். "அப்போ மூடியைத் திறந்து வச்சா இது ஆளைப் பாத்துக்கிட்டே இருக்குமா?"

"நாம போட்டாத்தான் பாக்கும்."

"நாம போடாம வேற எவனாவது போட்டா?"

"உங்களைப் பாத்து எவனுக்கு என்ன கிடைக்கப்போகுது பெரியவரே?" என்று அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பெரியவருக்குப் பிடிக்கவில்லை. கட்டையைச் சாத்திவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து மகள் வேலை செய்யும்போது, எங்கோ ஒரு புழுக்கமான அறையில் நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "செத்ததையே குடு. அதுதான் நல்லது" என்றார்.

"பாப்பா வேலைக்குன்னு சொன்னீங்க. வேலைன்னா கேமரா தேவைப்படும். கீழ ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துருங்களேன்."

விலை கூடினதைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்றுதான் அவருக்குத் தோன்றியது. முழங்கால் வேறு நெருப்பாக எரிந்தது. கடையை விட்டு வெளியே வந்தார். கீழே வரை இறங்கவில்லை. படிக்கட்டு வளைகிற இடத்தில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். சாலையில் ஆட்டோவின் கூரை தெரிந்தது, மகளின் கட்டை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போய் வருகிற நேரம் ஆகட்டும் என்று நின்றுவிட்டு உள்ளே திரும்பினார்.

"கேட்டாச்சு. வேணாமாம்."

வீட்டுக்கு வந்ததும் மகள் அதைத் திறந்து நாலு தட்டு தட்டினாள். முகம் மலர்ந்தது. "எட்டு போட்டிருக்கான்! இந்த விலைக்கு எப்படிப்பா குடுத்தான்?"

"என்கிட்டயா விளையாடுவான்? ஒரு மில்லையே தடவி எடுத்தவன் நான்."

ஞாயிறு முழுக்க அவள் விரல் ஓயவில்லை. தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தது. மூத்த மாப்பிள்ளை மறுபடி போன் போட்டபோது, "வேலை கிடைக்கிற மாதிரி இருக்கு மாப்பிள்ளை, பாப்போம்" என்றார் பெரியவர். குரலில் கொஞ்சம் மிதப்புகூட இருந்தது.

திங்கட்கிழமை காலை மகள் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று தலையை வாரிக்கொண்டிருந்தாள். முகத்தில் பவுடர். பெரியவர் வேடிக்கையாகக் கேட்டார், "வீட்டுக்குள்ள உக்காந்து பரீட்சை எழுத இவ்வளவு அலங்காரமா? யாரு பாக்கப்போறா?"

"அவங்க பாப்பாங்கப்பா. பத்து மணிக்குக் கேமராவுல வருவாங்க. பரீட்சை முடியற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பாங்களாம்."

திரைக்கு மேலே இருந்த கறுப்புப் புள்ளியைப் பெரியவர் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று எங்கேயாவது ஒன்றை இரவல் கேட்டிருப்பாள், கெட்டிக்காரி. அவர் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்கப்பா போறீங்க?"

"கடை வரைக்கும். இதோ வந்துடறேன்."

"கதவைச் சாத்திட்டுப் போங்க. சத்தம் வரக் கூடாதாம்."

ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ்ஸில் போனார். மாடிக்கடையின் ஷட்டர் இறங்கிக் கிடந்தது. கீழே டீ ஆற்றிக்கொண்டிருந்தவனைக் கேட்டார். "திங்கக்கிழமையா? அவன் மெதுவாத்தான் வருவான். ராஜா மாதிரி வருவான்" என்றான். படியில் உட்கார்ந்தார். உட்கார முடியாமல் எழுந்தார். வேறு கடை எங்கே என்று கேட்டுக்கொண்டு தெருக்கோடி வரை போய், அங்கே செல்போன் உறை விற்கிறவனைத்தான் பார்த்து, திரும்பி வந்தார்.

கடைக்காரன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது பத்து தாண்டிவிட்டது.

"கேமரா வேணும். தனியா இருந்தா குடு. சீக்கிரம்."

"கேட்டாச்சு, வேணாம்னீங்களே?"

கடைக்காரன் அவரை ஒரு பார்வை பார்த்தான். அதற்கு மேல் கேட்காமல், வயர் வைத்த சின்னக் கேமராவை எடுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்தான். "பக்கத்துல குத்தினாப் போதும். வேலை செய்யும்" என்றான். விலையும் குறைத்தே சொன்னான். முதல் தடவையாகப் பெரியவர் பேரம் பேசவில்லை.

வீட்டில் கதவு அவர் சாத்திவிட்டுப் போனபடியே இருந்தது. உள்ளே மகள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"ஆரம்பிக்கவே இல்லை." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு பொண்ணுதான் பேசுச்சு. மரியாதையாத்தான் பேசுச்சு. முகத்தைக் காட்டுங்க, ரெண்டு காதையும் காட்டுங்க, முழங்கை வரைக்கும் கையைக் காட்டுங்க, மேசைக்கு அடியில காட்டுங்கன்னுச்சு. இங்க ஒரே கறுப்பு. குரல் கேக்குதுல்ல மேடம், நான்தான் பேசறேன்னேன். பேசறது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்னுச்சு."

பெரியவருக்கு அந்தப் பேச்சு தெரியும். அடையாள அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன்களிடம் வாசலில் நின்று அவர் எத்தனை தடவை சொன்ன பேச்சு. மாமா, என்னைத் தெரியாதா என்று கெஞ்சுவான்கள். தெரியும்தான். தெரிந்தேதான் திருப்பி அனுப்பினார்.

"வேற ஒரு நாள் கேக்கறதுதானே?"

"கேட்டேன். பின்னால வரிசை நிக்குதாம். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

அவர் டப்பாவை மேசையில் வைத்தார். எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது. "இப்போ குத்திப் பாரேன். திரும்பக் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க."

அவள் டப்பாவைத் திறந்தாள். வயரைக் குத்தினாள். திரையில் சட்டென்று வீடு வந்தது. பவுடர் போட்ட அவள் முகம், அதற்குப் பின்னால் கொடியில் தொங்குகிற துண்டு, துண்டுக்குப் பக்கத்தில் வியர்த்துப்போய் அவர். அவ்வளவு தெளிவு. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"அப்பா."

"ம்."

"கேமரா செத்துக் கிடக்குதுன்னு எனக்கே பத்து மணிக்குத்தான் தெரியும். நீங்க ஒன்பது மணிக்கே இதை வாங்கக் கிளம்பிட்டீங்க."

திரையில் அவர் முகம் இருந்தது. அவள் திரும்பவில்லை, அங்கேயே அவரைப் பார்த்தாள். ஆயிரம் பேரைத் தடவிய ஆள், ஒளித்து வைத்திருக்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எதிரே பார்த்தார்.

சொன்னார். படிக்கட்டு வளைவில் நின்றதையும் சொன்னார். புழுக்கமான அறையையும், அங்கே கேட்ட சிரிப்பையும் சொல்ல வாயெடுத்தார், அது மட்டும் வரவில்லை. "எவனாவது உன்னைப் பாப்பான்னுதாம்மா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"பாத்தா என்னப்பா?" அவள் குரல் உயரவே இல்லை. "ரெண்டு கட்டையை வச்சுக்கிட்டு நடக்கறவளைப் பாத்துட்டுப் போகட்டுமே. இந்த வீட்டுல மறைக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?"

அவள் வயரைப் பிடுங்கினாள், திரை கறுத்தது. புடவைத் தலைப்பால் முகத்துப் பவுடரை ஒரு பக்கமாகத் துடைத்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"அக்கா, நான்தான். இல்லக்கா, கிடைக்கலை. எதுவும் ஆகலை, கிடைக்கலை, அவ்வளவுதான். அத்தான்கிட்ட சொல்லிடு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவா? அப்பா இங்கதான் இருப்பார். அவருக்கு என்ன, பாத்துக்குவார்."

பெரியவர் சட்டையைக் கழற்றவும் தோன்றாமல் கதவுப் பக்கம் நின்றார்.

"அங்க காலையில எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்கா?" என்று கேட்டாள் மகள். மூத்தவள் என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. மகள் "சரி" என்றாள். "சரிக்கா" என்றாள். மறுபடியும், "அதனால என்ன, சரி" என்றாள்.