முதல் வரியில் ஒரு பெயர்

நசரத்பேட்டை டீக்கடையில் பெனிட்டோ தன் புது போனில் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தபோதே அவன் செய்த தப்பை நான் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு மீதி டீயைக் குடித்தேன்.

ஜியோகேச்சிங் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை ஊருக்குள் ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை ஆப்பில் போடுவார். தேடிக் கண்டுபிடிக்கிறவன் உள்ளே இருக்கும் தாளில் பெயரெழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். பரிசெல்லாம் கிடையாது. தாளின் முதல் வரியில் யார் பெயர் என்பதுதான் எல்லாம். இந்தப் பைத்தியத்தை பெனிட்டோவுக்கு ஒட்டவைத்தவன் நான். ஆவடி, அம்பத்தூர், காட்டுப்பாக்கம் என்று இரண்டு வருடமாகச் சுற்றுகிறோம். ஒன்பது தாள்களில் முதல் வரி அவனுடையது. அதற்குக் கீழே, அவன் கையெழுத்திலேயே, 'உடன் பூபாலன்' என்று நான்.

தொழிற்சாலை வேலைக்கு இருவரும் பரீட்சை எழுதி அவன் மட்டும் தேறியபோது நான்தான் எங்கள் குவார்ட்டர்ஸ் முழுக்க ஸ்வீட் கொடுத்தேன். அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன். அதையெல்லாம் தாங்கிய வயிறு இந்த 'உடன்' என்ற ஒரு சொல்லுக்கு எரிந்தது. சின்னத்தனம்தான். தெரிந்தும் எரிந்தது.

அன்று காலைதான் திருமழிசையில் புது டப்பா என்று ஆப்பில் வந்திருந்தது. பெனிட்டோவின் புது போனில் ஆப் திறக்கவில்லை. நான் அனுப்பிய எண்களைச் சாதாரண மேப்பில் தட்டினான். டிகிரிக்கு அடுத்து வருவது நிமிடம். அறுபதில் ஒரு பங்கு. அவன் செய்ததுபோல் அதை அப்படியே தசமப் புள்ளிக்குப் பின்னால் போட்டால் இடம் மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். ஆரம்பத்தில் நானும் அப்படிப் போட்டு, ஒரு பகல் முழுக்க அலைந்திருக்கிறேன்.

"மேற்கால கருக்குதுடா. மழைக்கு முன்னாடி முட்ச்சிரலாம். நான் முன்னால போறேன் மச்சான், நீ மெதுவா வா."

எப்போதும் அவன்தான் முன்னால் போவான். "போ மாமே," என்றேன்.

நெடுஞ்சாலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. திருமழிசைக்குள் திரும்பியதும் அதே வெயிலில் தூறல் விழுந்தது. என் ஆப் காட்டிய பழைய பஸ் நிறுத்தத்தின் இரும்பு இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். பஸ்ஸுக்குக் காத்திருந்த அம்மா ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னா தேடற நைனா?"

"வண்டி சாவிம்மா."

சாவி வண்டியிலேயே தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதற்குள் காந்தம் ஒட்டிய டப்பா என் கைக்கு வந்துவிட்டது. உள்ளே மடித்த தாள், வெள்ளை வெளேரென்று. பென்சிலால் முதல் வரியில் என் பெயரை எழுதினேன். அவ்வளவு அழகாக என் பெயரை நான் எழுதியதே இல்லை.

அப்போதுதான் முதல் இடி விழுந்தது. கூடவே மழையும். போன் அடித்தது.

"மச்சான், இங்க வெறும் வயலுடா. முட்டிவரிக்கும் சேறு. நீ வந்துகினு கீறியா? வராத. இடி பயங்கரமா உழுது, எங்கனா ஒதுங்கிக்கோ."

"நீ எங்கடா கீற?"

"ஒரு மரம் கீது. அதுங்கீழ நிக்கறேன்."

"மரத்துக்குக் கீழ நிக்காத! கெளம்பி வா, திருமழிசை பழைய பஸ் ஸ்டாப்புக்கு—"

இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவில்லை. தேடிப் போகலாம் என்று இரண்டு முறை வண்டியைக் கிளப்பி, எதிரே ஒன்றும் தெரியாமல் திரும்பிவிட்டேன். மின்னல் வெட்டும்போதெல்லாம் அவன் மனைவி ஹெலினாவின் முகம் வந்தது. அவளிடம் என்ன சொல்வேன்? வேண்டாத சாமி இல்லை. ஆனால் தாளில் இருந்த பெயரை அழிக்கலாம் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

முக்கால் மணி நேரம் கழித்து, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது பெனிட்டோ வந்தான். இடுப்புவரை சேறு. ஒரு காலில் செருப்பு இல்லை. என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தான்.

"பார்றா! ஃபர்ஸ்டு நீதான்டா!" என்று ஈரத்தோடு என்னைக் கட்டிக்கொண்டான். அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சமாவது பொய் இருக்குமா என்று தேடினேன். இல்லை. அதுவும் எரிந்தது.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினான். "நீ அனுப்புன நம்பரதான் போட்டேன் மச்சான். எங்க தப்பு பண்ணேன், நீயே பாரு."

மேப் திறந்தே இருந்தது. பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அவன் தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் அதன்மேல் விழுந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். மேப் நகர்ந்து, புள்ளி திரைக்கு வெளியே போய்விட்டது.

"எங்க போச்சு?" என்று பெனிட்டோ என் தோளில் தாடையை வைத்துக் குனிந்து, அதைத் தேட ஆரம்பித்தான்.