ஒட்டவா, திருகவா?

1

இந்தக் கதை ஒரு அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியது. உள்ளே மீன் தொட்டியின் தண்ணீரைக் குளிர வைக்கும் இயந்திரம் இருந்தது. கடைக்காரர் அதைச் சில்லர் என்றார், நானும் அப்படியே சொல்கிறேன். பெட்டியைப் பிரிக்கக் கை வராமல், அதன் மேலேயே தாளை வைத்து எழுத ஆரம்பித்தேன். முதல் வரி இது:

'மனைவி போன பிறகு அவன் வீட்டில் மீன்கள் மட்டும்தான்

அடித்துவிட்டேன். மனைவி இல்லை, அக்கா. அவனும் இல்லை, நான். கடைசிப் பக்கம்வரை மூடி வைத்து 'அந்த அவன் வேறு யாருமல்ல' என்று திரையை விலக்கும் வித்தையெல்லாம் எனக்கு ஒத்துவராது.

ஆனால் அடிப்பதற்கு முன் ரொம்ப நேரம் யோசித்தேன். மனைவி விட்டுப் போனால் வாசகர் உச்சுக்கொட்டுவார். ஐம்பதைத் தாண்டிய அக்கா கல்யாணம் ஆகிப் போனால் 'நல்ல விஷயம்தானே' என்பார். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானும் வந்தவர்களை எல்லாம் பல்லைக் காட்டி வரவேற்றுக்கொண்டு நின்றேன். நல்ல விஷயம்தான். அதனாலேயே யாரிடமும் போய் மூக்கைச் சிந்த முடியவில்லை.

2

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பவள் அவள். பென்சிலை எடுத்து ஓரத்தில் 'இங்க அழுகாச்சி ஜாஸ்தி' என்று எழுதி வைப்பாள். அச்சில் வந்த என் கதைகளில் யாரும் அழுவதில்லை என்றால் அந்தப் பென்சில்தான் காரணம்.

அவளுடைய கணவர் பல்செட் செய்பவர். மருத்துவமனைக்குப் பல்செட் கொடுக்க வந்து வந்து பழக்கம். அவரை நான் மாமா என்று கூப்பிட வேண்டும். மனிதர் என்னைவிட இளையவர், நாக்கு புரள மாட்டேன் என்கிறது. 'வாங்க', 'உட்காருங்க', 'சாப்பிட்டாச்சா' என்று எந்த முறையும் வைக்காமல் பேசி ஒப்பேற்றுகிறேன்.

[இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். ஒரு பத்திகூட நகரவில்லை. தங்கமான மனிதர். கதைக்கு உதவாத அளவுக்குத் தங்கம்.]

மீன்கள் அக்காவுடையவை. குளிர்ந்த தண்ணீரில் மட்டுமே பிழைக்கிற ஜாதி. அவர்கள் வீட்டில் தொட்டிக்கு இடம் தயாரானதும் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. அதற்குள் வெயில் முந்திக்கொண்டது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டேன். ஒன்று உருகினால் இன்னொன்று. வேலைக்குப் போகிறவனுக்கு இது கட்டுப்படியாகாது என்றுதான் சில்லர் வாங்கினேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். மீன்கள் செத்தால் அக்கா வருவதற்கு ஒரு சாக்கு இல்லை. பிழைத்தால் வருவாள், தொட்டியோடு போய்விடுவாள். பிறகும் சாக்கு இல்லை.

3

சில்லர் வெப்பக்காற்றை வெளியே தள்ளும், ஆகவே அது பால்கனியில் இருக்க வேண்டும். சுவரில் இரண்டு துளை போட்டேன். தொட்டியின் மூலையில் பம்ப். அது தண்ணீரை ஒரு குழாய் வழியாகச் சில்லருக்குத் தள்ளும். குளிர்ந்த தண்ணீர் இன்னொரு குழாயில் தொட்டிக்குத் திரும்பும். முதலில் ரப்பர் குழாயை மாட்டி ஓட்டிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். "வர்ற பைப்பு மேல, போற பைப்பு கீழ. அவ்வளவுதான் சார்."

குழாய்களில் காகிதம் ஒட்டி 'வருது', 'போகுது' என்று எழுதி மாட்டினேன். பம்ப் ஓடியது. சில்லரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கழற்றி மறுபடி அதேபோல் மாட்டினேன், சிவப்பு அசையவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாருக்கு வருது?" என்றாள்.

"என்ன யாருக்கு?"

"தொட்டிக்கு வருதா, மிஷினுக்கு வருதாடா? கடைக்காரர் மிஷின் பக்கத்துல நின்னு சொல்லியிருப்பாரு. நீ தொட்டி பக்கத்துல நின்னு எழுதியிருப்ப."

மாற்றி மாட்டினேன். பச்சை எரிந்தது.

(வீட்டை விட்டுப் போகும்போது 'வரேன்' என்று சொல்கிற மொழியில் குழாய்க்குப் பெயர் எழுதியது என் தவறு.)

"மீனுங்க எப்படி இருக்கு?"

"கீழ இறங்கிடுச்சு. நீ எப்படி இருக்க?"

"எனக்கென்ன. சரிடா, வைக்கிறேன், வீட்டுக்குப் போகணும்."

நான் வீட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்தன்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்டா" என்றாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டு, "வீட்டுக்கு வந்துட்டோம்" என்றாள். இரண்டும் சரியான தமிழ். எனக்குத்தான் வருவதும் போவதும் குழம்பியது. இந்தக் கதையையும் நான் தொட்டி பக்கத்தில் நின்றுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது.

4

ரப்பர் குழாய் இணைப்பில் கசிகிறது. கீழே துண்டைப் போட்டுப் பக்கத்திலேயே நின்றால்தான் ஓட்ட முடியும். நிரந்தரமாகப் பிளாஸ்டிக் குழாய் போட வேண்டும் என்று மறுபடி கடைக்குப் போனேன்.

"தொட்டிய எங்கயாவது மாத்துற ஐடியா இருக்கா சார்?" என்று கேட்டார்.

"ஏன்?"

"மாத்துறதா இருந்தா யூனியன் போட்டுக்குங்க. கையால திருகிக் கழட்டிடலாம். இல்லைன்னா கப்ளிங். பசை தடவிச் சொருகினா ஒட்டிக்கும், அப்புறம் அறுத்தாதான் உண்டு. ஆனா சொட்டுக்கூடக் கசியாது. எது தரட்டும்?"

'எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போவதில்லை' என்று சொல்ல வாய் வரை

சொல்லவில்லை. "தெரியலைங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டையும் பையில் போட்டார். "வேணாததைத் திருப்பிக் குடுத்துடுங்க."

5

முதல் முடிவு. யூனியன் போடுகிறேன். அக்கா வருகிறாள். நானும் தங்கமானவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொட்டியை இறக்குகிறோம். அப்போதாவது மாமா என்று கூப்பிட்டுவிடுகிறேன். திரும்பி வந்து பார்த்தால் சுவரில் இரண்டு துளை வழியாக வெயில் உள்ளே விழுகிறது.

இரண்டாவது முடிவு. ஒட்டிவிடுகிறேன். அக்கா வருகிறாள், குழாயைத் தடவிப் பார்க்கிறாள், புரிந்துகொள்கிறாள். "இங்கயே இருக்கட்டும்டா, நான் அப்பப்ப வந்து பாத்துக்கறேன்" என்கிறாள்.

[எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்படிச் சொல்ல மாட்டாள். "ரம்பம் எங்கடா?" என்றுதான் கேட்பாள்.]

மூன்றாவது முடிவில் மீன்கள்

வேண்டாம்.

6

பம்பை நிறுத்திவிட்டேன். ரப்பர் குழாய்களைக் கழற்றியாகிவிட்டது. தொட்டியில் மறுபடியும் பாட்டில்கள். பசை டப்பா இன்னும் திறக்கவில்லை. திறந்தால் காய ஆரம்பித்துவிடும். கதையை முடிவில்லாமல் விட்டுவிட்டுப் போகலாம், பெரிய எழுத்து என்றுகூடச் சிலர் சொல்வார்கள். தொட்டியை அப்படி விட முடியாது.

வாசகரே, முடிவை உங்கள் தலையில் கட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதை உங்களுக்கு முன்னால் படிக்கப் போகிறவள் ஒருத்தி இருக்கிறாள்.

அக்கா, யூனியன் என்று எழுதினால் யூனியன். ஒட்டு என்று எழுதினால் ஒட்டிவிடுகிறேன். இந்த வீடு காலியாக இருக்கிறது என்ற வரியை நான் எங்கேயும் எழுதவில்லை, நீ எப்படியும் அடித்துவிடுவாய். கீழே இடம் விட்டிருக்கிறேன். போனில் சொல்லாதே, தபாலில் திருப்பி அனுப்பாதே. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வா. பென்சில் இங்கே உன் மேசை டிராயரிலேயே இருக்கிறது.

அதுவரைக்கும் பாட்டில்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன்.