ரிஃபாத்தின் இடக்கை

மஹல்லா நகரில் எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு இன்ஸாஃப் அம்மா கொண்டுவந்த வேலை சின்னதுதான். மகளின் கல்யாணப் படத்தில் மகன் ரிஃபாத் இல்லை. லிபியாவில் கொத்து வேலை. அவன் போனில் அனுப்பிய படத்தை வெட்டித் தங்கை பக்கத்தில் நிறுத்த வேண்டும். அம்மாவின் போன் நிரம்பிக் கிடந்தது. படத்தைக் கணினிக்கு மாற்றிவிட்டு நானே அதைப் போனிலிருந்து அழித்துக்கொடுத்தேன்.

மண்டபத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வந்தது, அவன் முகத்தில் வலப்பக்கமிருந்து. அதனால் அவனைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திருப்பினேன். இடம் மாறிய சட்டைப் பையைச் சரிசெய்தேன். விளிம்பை மழுக்கிக் காலடியில் நிழல் போட்டேன். படத்தைப் பார்த்து இன்ஸாஃப் அம்மா அழுதார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவன் விரலில் இருந்த மோதிரத்தை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் நிச்சயமானவன் வலக்கையில் போடுவான். கல்யாணத்தன்றுதான் அது இடக்கைக்குப் போகும்.

நான்காம் நாள் ரிஃபாத்துக்கு நிச்சயித்த ஹனீயாவின் அப்பா, ஷெர்பீனி ஹாஜி, படத்தோடு வந்தார்.

“ஏம்ப்பா, இந்தக் கையில நீ ஏதாச்சும் பண்ணினியா?”

முதலாளி ஃபிக்ரி பக்கத்தில் நின்றார். போன மாதம் ஒரு மணப்பெண்ணுக்கு ஆறு விரல் வைத்துவிட்டேன். “காலேஜத்தான் முடிக்கல, விரலையாவது எண்ணக் கத்துக்கடா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்னொரு தப்பு வந்தால் வெளியே போ என்றும் சொல்லியிருந்தார்.

“கையத் தொடவே இல்ல ஹாஜி.”

“அப்போ அங்கயே ஒருத்தியக் கட்டிக்கிட்டான். அதான் மூணு வாரமா போன எடுக்கல.”

அவர் போனதும் மூலப்படத்தைத் திறந்தேன். மோதிரம் வலக்கையில் இருந்தது; நான் திருப்பியதில்தான் இடக்கைக்கு மாறியிருந்தது. சாலையைக் கடக்க முடியாமல் ஹாஜி இன்னும் கடை வாசலிலேயே நின்றிருந்தார். கூப்பிட்டிருக்கலாம். ஃபிக்ரியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் இன்ஸாஃப் அம்மா வந்தார். நிச்சயத்துக்கு அவர் போட்ட நகையை ஹனீயா வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

“என் புள்ள அப்படிப்பட்டவன் இல்லப்பா,” என்றார். அதை என்னிடமே சொன்னார்.

மூலப்படத்தை அச்செடுத்துக்கொண்டு ஹாஜி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“நேத்து தொடலன்ன. இன்னிக்குத் தொட்டேங்கற,” என்றார் ஹாஜி. “அந்தம்மா வந்து அழுதாளாக்கும்?”

ஹனீயா அப்பாவிடமிருந்த கல்யாணப் படத்தையும் நான் கொண்டுபோனதையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

“இதுல எது நிஜம்?”

“வலக்கையில இருக்கறது.”

“எங்க மாமாவ படத்துல காபா முன்னால நிக்க வெச்சதும் நீதானே? அவரு மக்கா பக்கமே போனதில்ல. ஆளையே அவ்வளவு தூரம் கொண்டுபோனவனுக்கு ஒரு மோதிரம் பெரிய விஷயமா?”

“நேத்து சொன்னதுதாங்க பொய். வேலை போயிடும்னு பயந்துட்டேன்.”

“நேத்தும் இதே மூஞ்சியோடதான் சொன்னியா?”

“ஆமா,” என்றேன்.

நான் சொன்னதில் அதை மட்டும் அவள் நம்பினாள். இரண்டு படங்களையும் என்னிடமே நீட்டினாள்.