யாருடைய வக்கீல்?

உலையிலிருந்து வந்த இரும்புக் கட்டி ரோலருக்குள் நுழைந்து, மறுபக்கம் செக்கச்செவேலென்று கம்பியாக நீண்டு சீறிக்கொண்டு வெளியே வந்தது. பூவராகவன் அதன் தலையை இடுக்கியால் கவ்வினான். உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த ரோலரின் வாயில் திணித்தான். ஒரு நொடி பிசகினால் கம்பி காலைச் சுற்றிக்கொள்ளும். நெற்றியில் ஊறும் வியர்வை உதட்டுக்கு வருவதற்குள் காய்ந்து உப்பாகிவிடும். கும்மிடிப்பூண்டியில் கிழக்கு வெளுத்தது கம்பி மில்லின் தகரக் கூரை ஓட்டை வழியாகத்தான் அவனுக்குத் தெரிந்தது. பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிப்டு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான்.

நம்ம பூவராகவன் சந்தேகம் பிடித்த ஆள். டீயை மோந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டான். பெட்ரோல் போட்டால் பங்க்காரன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பான். "உன்னக் கட்டிக்கினு ஒரே பேஜாருய்யா, தாலி கட்டறப்பகூட முடிச்சு மூணுதானான்னு எண்ணிப் பாத்த ஆளு நீ" என்பாள் அவன் பெண்டாட்டி கங்கம்மாள். அப்படிப்பட்டவன் கடந்த பதினோரு நாளாக யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை. காரணம் இருந்தது.

அந்த மில்லில் பாதிப் பேருக்கு ரெண்டு ஆளுக்கு ஒரு வண்டி. ஆரம்பாக்கத்துப் பூவராகவன் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குத் தவணையில் பாதியைக் கட்டியவன் அதே தெருவின் ஆசீர்வாதம். இவன் ராத்திரி ஷிப்டு, அவன் பகல் ஷிப்டு. வேலைக்கு வருகிறவன் கேட் வாசலில் இறங்குவான், வேலை முடித்துப் போகிறவன் அதே வண்டியில் ஏறிக்கொள்வான். வண்டி மில்லில் நிற்பதே கிடையாது. அதனால் காலை ஆறு மணிக்கு ராத்திரி ஷிப்டு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர், தங்கள் வண்டி வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பார்கள்.

பதினோரு நாளைக்கு முன்பும் அப்படித்தான் நின்றார்கள். மில்லுக்குப் பழைய இரும்பு ஏற்றிவரும் மில் லாரி, முன்விளக்கு எரியாமல், ஹாரனும் அடிக்காமல் கேட்டை விட்டு வெளியே வந்து வலப்பக்கமாக வெட்டித் திரும்பியது. எதிரே தன் பாட்டுக்கு ஓரமாக வந்த ஆசீர்வாதத்தைத் தூக்கி அடித்தது. வலது கால் ரெண்டு இடத்தில் முறிந்தது. பூவராகவன் கண்ணாரப் பார்த்தான். ஆனால் பைக்தான் ராங் சைடில் வந்தது என்று லாரி டிரைவர் போலீசில் எழுதிக்கொடுத்தபோது, அவன் வாயைத் திறக்கவில்லை. காண்ட்ராக்ட் வேலை, நாளைக்கே வராதே என்றால் போச்சு. நின்ற அத்தனை பேரும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. கேட்டுக்கு வெளியே ஒரு மேஜை போட்டிருந்தார்கள். அதன் பின்னால் மில்லின் மனிதவள அதிகாரி ஹேமநாத், இஸ்திரி கலையாத சட்டையில். மேஜைக்கு முன்னால் ஆசீர்வாதத்தின் மனைவி மெர்சி. ஹேமநாத் வரச் சொன்னதால், புருஷன் படுத்திருக்கும் பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள். கண் வீங்கிக் கிடந்தது.

"எல்லாரும் வாங்க" என்றார் ஹேமநாத். "உங்க வண்டி இன்சூரன்சை இந்த வருஷம் மில்லே மொத்தமா எடுக்குது. கூடவே வழக்குச் செலவுக்கும் கவர் சேர்த்திருக்கோம். ஆக்சிடென்ட் ஆனா வக்கீல் ஃபீஸ், கோர்ட்டுச் செலவு எல்லாம் அதுலயே வந்துடும். நானூறு ரூபாய்தான் எக்ஸ்ட்ரா. ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"நானூறு ரூபாய்க்கு எந்த வக்கீலுய்யா கேஸ் கட்டப் பிரிப்பான்?" என்றான் பகல் ஷிப்டு லோகு. "நல்ல விசயந்தான். என் மச்சான் தனியா எடுத்து வச்சிருந்தான். வேன்காரன் இட்சப்போ அவனே ஒரு வக்கீலப் புட்சான், ஃபீச இன்சூரன்சு குட்த்துச்சு. நஷ்டஈட்டு டப்பு வந்து சேர்ந்துச்சே!"

லோகு சொன்னது பொய்யில்லை. ரெண்டு மூன்று பேர் பேனாவைக்கூட வாங்கிவிட்டார்கள்.

"மெர்சி, நீங்க உங்க ஹஸ்பெண்டுக்காகப் போடுங்க" என்றார் ஹேமநாத், குரலில் சர்க்கரையைக் கலந்து. "அந்தக் கேஸையும் இதுலயே சேர்த்துடறோம். உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல."

பூவராகவனின் மூக்கு வேர்த்தது. "சார், அவன் அடிபட்டுப் பதினோரு நாளாச்சு. ஊடு எரிஞ்சு முடிஞ்சப்புறம் நெருப்புக்கு இன்சூரன்சு குடுக்கறவன் எவன் சார்?"

"உங்க நல்லதுக்குத்தாங்க செய்யறோம். உங்களுக்கு எதுல பார்த்தாலும் சந்தேகம்."

"ஆமா சார், அதான் என் வியாதி." அவன் தாளை வாங்கித் திருப்பினான். அடியில் பக்கம் ஒன்று என்று இருந்தது. அடுத்த தாளில் பக்கம் நான்கு. "ரெண்டும் மூணும் எங்க சார்?"

"அது வெறும் கண்டிஷன்ஸ். இங்கிலீஷ்ல இருக்கு, உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியும்" என்றாள் மெர்சி. நர்சிங் ஒரு வருஷம் படித்து, பணமில்லாமல் நின்றவள். "குடுங்க சார், படிச்சிட்டுப் போடறேன்."

கூட்டம் நெருங்கி வந்தது. ஹேமநாத் பைக்குள்ளிருந்து ரெண்டு தாளை எடுத்துக் கொடுத்தார், பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிற மாதிரி. மெர்சி நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"வக்கீல் யாருன்னு பாலிசி எடுத்தவர்தான் முடிவு பண்ணுவாரு... பாலிசி எடுத்தவரோட வண்டிங்க மேல போடற கேசுக்கு இந்தக் கவர் கெடையாது... ஏற்கெனவே நடந்த விபத்தையும் அந்த வக்கீலே பேசி முடிச்சிக்கலாம், நானு வேற எங்கயும் போவ மாட்டேன்னு சம்மதிக்கிறேன்..." தலையை நிமிர்த்தினாள். "பாலிசி எடுக்கறது யாரு சார்?"

பூவராகவன் கையிலிருந்த முதல் தாளைத் தூக்கிக் காட்டினான். அதன் உச்சியில் மில்லின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

லோகு பேனாவை மேஜைமேல் போட்டான். "அடப்பாவிங்களா! லாரியும் உங்களுது, வக்கீலும் உங்களுது, நானூறு ரூபா மட்டும் எங்களுதா?"

"மரியாதையா பேசு. கையெழுத்துப் போடாதவன் திங்கட்கிழமை உள்ள வர முடியாது." சர்க்கரை கரைந்துவிட்டிருந்தது. அவர் மெர்சி பக்கம் திரும்பினார். "வெளி வக்கீல் வச்சு என்னம்மா கிழிக்கப் போறீங்க? உங்க ஆள்தான் ராங் சைடுன்னு போலீஸ்ல எழுதியாச்சு. இல்லைன்னு சொல்ல ஒரே ஒரு சாட்சி காட்டுங்க பார்ப்போம்."

மெர்சி கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு பூவராகவனிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, ஊர்ல எல்லார் மேலயும் நீ சந்தேகப்படுவியே. பதினோரு நாளா நானு உன் மேல சந்தேகப்பட்டுக்கினு இருக்கறேன். அன்னிக்கு வண்டிக்காகக் கேட்டாண்டதான நின்னுக்கினு இருந்த? உன் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியலியா?"

சூட்டுக் கம்பி பட்டால்கூட அவனுக்கு இப்படிச் சுட்டிருக்காது. கங்கம்மாள், பள்ளிக்கூடம் போகிற ரெண்டு பெண் பிள்ளைகள், வீட்டு வாடகை எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஹேமநாத் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுச்சும்மா" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பயந்துக்கினு இருந்துட்டேன். என்ன மன்னிச்சிடு. லாரிக்கு லைட்டு எரியல. அதுதான் ராங் சைடுல ஏறிச்சு. ஆசீர்வாதம் ஓரமாத்தான் வந்தான். நானு பாத்தேன், எங்க கூப்ட்டாலும் வந்து சொல்றேன்."

"யோசிச்சுப் பேசுங்க பூவராகவன்" என்றார் ஹேமநாத். "வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். வேலையும் வேணும், காலும் வேணும்."

பின்னாலிருந்து ஒரு கனைப்பு. ராத்திரி ஷிப்டிலேயே வயதில் மூத்த முனுசாமி, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "நானும் பாத்தேன். ஹாரன்கூட அடிக்கல." அவருக்குப் பின்னால் பீட்டர், "நானும்" என்றான். அப்புறம் யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பகல் ஷிப்டு ஆள் ஒருவனும் உள்ளே போகவில்லை. உள்ளே ரோலர்கள் வெறுமனே சுற்றும் சத்தம் கேட்டது.

"பொன்னேரி கோர்ட்டுல இலவச சட்ட உதவின்னு ஒண்ணு இருக்குதும்மா" என்றார் முனுசாமி. "தொழிலாளிக்கு சும்மாவே வக்கீல் தர்றாங்க. சாட்சிதான் இல்லாம இருந்துச்சு. இன்னிக்கே போவலாம், நாங்க வர்றோம்."

"நல்ல கவரா இருந்தா எங்க காசுல நாங்களே எடுத்துக்கறோம் சார்" என்றான் லோகு. "வக்கீல நாங்க புட்சுக்கறோம். திங்கக்கெழம இந்தக் காயிதத்தோட வந்தீங்கன்னா, ரெண்டு ஷிப்டும் வெளியதான் நிக்கும்."

ஹேமநாத்தின் முகம் சிவந்தது. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். "சாட்சி சொல்றேன்னவன் எல்லாம் பேரைச் சொல்லுங்கடா, பார்க்கலாம்!"

மெர்சி ஒரு விண்ணப்பத்தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கம் மேலே வரும்படி மேஜைமேல் வைத்தாள். லோகு போட்டுவிட்டுப் போன பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"மெதுவா சொல்லுங்கண்ணே" என்றாள். "நானும் எழுதிக்கறேன்."

பூவராகவன் தன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதுகிற ரெண்டு பேருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னான். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது.