வாரண்டிக்கு எழுதிய ஆறு கடிதங்கள்

எங்கள் கார் வாங்கிய இரண்டாம் மாதமே படுத்துவிட்டது. மேட்டில் ஏறும்போது கியர்பாக்ஸிலிருந்து எதையோ அரைக்கிற மாதிரி சத்தம் வந்தது, அப்புறம் வண்டி நகரவே மாட்டேன் என்றது. என் கணவர் இறங்கி, குனிந்து அடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஷோரூமுக்குப் போன் பண்ணு" என்றார். முப்பத்து நான்கு வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன் பானெட்டைக்கூடத் திறக்காமல் அப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. புது வண்டி, வாரண்டி இருக்கிறது, அதனால் கை வைக்கவில்லை என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

எனக்கும் முப்பது வருஷ ஆபீஸ் அனுபவம் உண்டு. பதிவறை கிளார்க். எதையும் எழுத்தில் வாங்கு, எதையும் எழுத்தில் கொடு என்பதுதான் அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை. ஓய்வுபெற்ற பிறகு அந்த வித்தையைக் காட்ட இடமில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. ஷோரூம்காரர்கள் தாமாக வந்து மாட்டினார்கள்.

சர்வீஸ் பிரிவில் எங்களுக்கு வாய்த்த அட்வைசர், இஸ்திரி கலையாத சட்டையும் அதைவிடக் கலையாத சிரிப்புமாக இருப்பார். எதைக் கேட்டாலும் "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடறேன் மேடம்" என்பார். எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொல்லமாட்டார். நான் அவருக்கு வெள்ளிக்கிழமை என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டு, லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் அழைத்துப்போனார். டார்ச் அடித்துக் காட்டினார்.

"கியர் ஆயில் முழுக்க ஒழுகிப்போச்சு மேடம். ஆயில் இறக்குற போல்ட் இதுதான். இதைச் சுத்தி விரிசல் விட்டிருக்கு, தெரியுதா? ஃபேக்டரில போல்ட் மேல மஞ்சள் பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு அனுப்புவாங்க. இங்க கோடு நேரா இல்ல, விலகியிருக்கு. யாரோ ஸ்பேனர் போட்ட மாதிரி இருக்கு. வெளியில எங்கயாவது வேலை பார்த்தீங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வெளியிலயா? இவர் யாருன்னு தெரியுமா தம்பி? முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போல மெக்கானிக். இவர் கை பட்டு இதுவரைக்கும் ஒரு வண்டி கெட்டதில்ல. இவர் பார்த்து அனுப்பின பஸ் ஒண்ணுகூட நடுரோட்டுல நின்னதில்ல. அவரையே கேளுங்க."

வெள்ளிக்கிழமை அவரைப் பார்த்தார். என் கணவர் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்" என்றேன்.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றார். பார்வையை மட்டும் திருப்பவில்லை.

"சரி சார். ரெண்டு வழி இருக்கு. செலவை நீங்களே ஏத்துக்கிட்டா நாலு நாள்ல வண்டியைக் கையில கொடுத்துடறேன், பார்ட்ஸ் இங்கயே இருக்கு. வாரண்டிலதான் வேணும்னா கம்பெனி இன்ஜினியர் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் வண்டியை நாங்க தொடக்கூடாது."

"அவர் எப்ப வருவார்?"

"வெள்ளிக்கிழமை சொல்றேன் மேடம்."

வாரண்டியில்தான் வேண்டும் என்றேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கையில் பணம் இல்லாமல் இல்லை. செய்யாத தப்புக்கு எதற்குத் தலையைக் குனியவேண்டும் என்ற வீம்பு. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க சும்மா இருங்க, இது என் டிபார்ட்மெண்ட்" என்று அடக்கிவிட்டேன்.

அதே சமயத்தில் என் அக்கா நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நுரையீரலில் நோய். மிஞ்சிப்போனால் இரண்டு மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மணி நேரத் தூரத்தில் மகன் வீட்டில் இருந்தாள். அம்மா போனபிறகு எனக்குத் தலைவாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணம்வரை கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கார் வாங்கியது நாங்கள். விஷயத்தைப் போனில் சொன்ன அன்று, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள்.

"முன் சீட்டு எனக்குத்தாண்டி. உன் வீட்டுக்காரர் ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காருவேன். நீ பின்னாடி உக்காந்து தொணதொணன்னு பேசிக்கிட்டு வா. அணைக்கட்டு வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம்."

வண்டி நின்ற அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக இருந்தோம். வண்டி புதன்கிழமையே படுத்தது.

இரண்டாம் வாரம் நான் மட்டும் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "வண்டி எங்கடி?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். வாடகைக்கு ஒரு கார் எடுத்து அணைக்கட்டுக்குக் கூட்டிப்போகட்டுமா என்று கேட்டேன்.

"ஊரான் வண்டில போய் என்னத்தடி பார்க்கறது? உன் வண்டி வரட்டும். அதுக்குள்ள ஒண்ணும் ஓடிப்போயிட மாட்டேன்."

திரும்பிவந்து மூன்றாவது கடிதம் எழுதினேன். அதற்குள் எனக்கு வேகம் வந்துவிட்டது. சர்வீஸ் மேனேஜருக்கு ஒன்று, நகல் ஷோரூம் முதலாளிக்கு, இன்னொரு நகல் கம்பெனித் தலைமையகத்துக்கு. ஒவ்வொரு கடிதத்திலும் 'முப்பத்து நான்கு வருஷ அனுபவமுள்ள, கைபட்ட ஒரு வண்டியும் பழுதாகாத என் கணவர்' என்று ஒரு வரி இருக்கும். எழுதி முடித்ததும் அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். சாப்பாடு குறைந்துபோனது. அக்காவை நினைத்து வருத்தப்படுகிறார் என்று எண்ணினேன்.

நாலாவது கடிதத்துக்கு மேனேஜரிடமிருந்து பதில் வந்தது. வண்டியில் வெளியாள் யாரும் கைவைக்கவில்லை, உரிமையாளரும் எதையும் கழற்றவோ முடுக்கவோ இல்லை என்று கையெழுத்துப்போட்டு ஒரு உறுதிமொழி வேண்டுமாம். உட்கார்ந்த இடத்திலேயே எழுதி அவரிடம் நீட்டினேன்.

"இது அவசியமா? நாமளே செலவு பண்ணிட்டுப் போயிடலாமே. அக்காவைப் போய்ப் பார்க்கலாம்" என்றார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு விட்டுக்கொடுக்கறதா? உங்க பேரைத்தாங்க அவங்க கெடுக்கறாங்க. போடுங்க கையெழுத்தை."

சம்பளப் பட்டியலில் ஒரு கிறுக்குக் கிறுக்கியே பழகியவர், அன்று ஒவ்வோர் எழுத்தாகப் போட்டார்.

ஐந்தாம் வாரம் அக்காவே போன் பண்ணினாள். பேச்சுக்கு நடுவே நிறைய இடைவெளி இருந்தது.

"இப்ப உக்கார முடியலடி. உன் வண்டில அந்தச் சீட்டு சாயுமா? படுத்துக்கிட்டே வரலாமா?"

"சாயும்க்கா. நல்லாவே சாயும்" என்றேன்.

போனை வைத்துவிட்டு ஆறாவது கடிதம் எழுதினேன். மற்ற ஐந்திலும் இருந்த சட்டமெல்லாம் அதில் இல்லை. என் அக்கா சாகக் கிடக்கிறாள், வண்டியைக் கொடுங்கள் என்று எழுதினேன். ஆபீஸ் கடித நடை போய்விட்டது, ஆனால் வெட்கப்படவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள். வாடகைக் காரில்தான் போனோம். மறுநாள் அவளை வழியனுப்பிவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. "கம்பெனி இன்ஜினியர் வந்துட்டார் மேடம்" என்று உற்சாகமாகச் சொன்னார் அட்வைசர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் சொன்ன கிழமை சரியாக இருந்தது.

பத்து நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனோம். மேனேஜரே எழுந்துவந்து கைகுலுக்கினார்.

"வார்ப்புலயே குறை இருந்திருக்கலாம்னு இன்ஜினியர் எழுதிட்டார். மார்க் விலகியிருந்தது இடிச்சுது. ஆனா சார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார், இத்தனை வருஷ அனுபவம் வேற. கம்பெனி ஒத்துக்கிச்சு. நீங்க ஜெயிச்சுட்டீங்க மேடம்."

நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தோம். என் கணவர் சாவியைப் போட்டார், திருகவில்லை.

"எடுங்க, போகலாம்" என்றேன்.

"அந்த போல்ட்டை நான்தான் டைட் பண்ணேன்."

எனக்கு முதலில் ஏறவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின ஷிப்டுக்காரன் முடுக்கியதை நம்பக்கூடாது. தன் பொறுப்பில் பஸ் வெளியே போகுமுன் எல்லா போல்ட்டையும் தானே ஒருமுறை முடுக்கிப் பார்க்கவேண்டும். அந்தக் கை வீட்டிலும் அடங்காது. எலக்ட்ரீஷியன் ஃபேன் மாட்டிவிட்டு வாசலைத் தாண்டுவதற்குள் இவர் ஸ்டூல் போட்டு ஏறிவிடுவார். கார் வந்த மறுநாள் நான் கடைக்குப் போன நேரத்தில், வண்டிக்கு அடியில் படுத்து அத்தனை போல்ட்டையும் முடுக்கியிருக்கிறார்.

"பஸ் கியர்பாக்ஸ் இரும்பு, எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இது அலுமினியம். தெரியாம இல்ல. கைப்பழக்கத்துல ஒரு அழுத்து கூடப் போயிடுச்சு. டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன். வண்டி நின்ன அன்னிக்கே புரிஞ்சுபோச்சு."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு நாள்ங்க" என்றேன். "நாலே நாள். அக்கா அப்ப உக்காந்துக்கிட்டு இருந்தா."

"தெரியும்."

"அப்புறம் ஏன்? நான் திட்டுவேன்னா? நான் திட்டாத நாள் ஏதாவது உண்டா?"

தலையை ஆட்டினார். கண் நிரம்பியிருந்தது.

"திட்டுக்கு இல்ல. அன்னிக்கு அந்தத் தம்பிகிட்ட சொன்னியே, இவர் கை பட்டு ஒரு வண்டி கெட்டதில்லன்னு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி உன் வாயால ஒரு நல்ல வார்த்தை நான் கேட்டதில்ல. கேட்ட அன்னிக்கே அது பொய்னு எப்படிச் சொல்றது? அப்புறம் ஒவ்வொரு லெட்டர்லயும் எழுதினே. படிச்சு வேற காட்டினே. இன்னும் ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லிடலாம், இன்னும் ஒரு தடவைன்னு..."

ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. அன்று திட்டுவதற்கு உலகத்தில் உள்ள நியாயமெல்லாம் என் பக்கம் இருந்தது, ஆனால் ஞாபகத்துக்கு வந்தது வேறு. முப்பத்து நான்கு வருஷம் கிரீஸ் கையோடு வீடு வந்தவரிடம் நான் சொன்னதெல்லாம், "சுவத்துல கை வைக்காதீங்க" என்பதுதான். அவர் நல்ல வேலைக்காரர் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு நாள், ஏதாவது ஒரு சாதாரண நாளில், வீட்டுக்குள்ளேயே சொல்லியிருந்தால், அந்த ஒரு சொல்லுக்காக அவர் ஷோரூமில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கமாட்டார். அக்கா அணைக்கட்டைப் பார்த்திருப்பாள்.