வெள்ளைக் கோடு

பெரியகல்லாற்றுப் பாலத்தில் ஒரு வேன் ஏறினால், அதன் எந்தப் பக்கத்து லிங்க் ஆடுகிறது என்பதைச் சாய்ந்தமருது கராஜில் ஜாக்கிக்குக் கீழே மல்லாந்து கிடந்தபடியே தன்னால் சொல்ல முடியும் என்பார் மீராசாஹிபு. நடுவில் கல்முனைச் சந்தை இருக்கிறது. மருதமுனையின் அத்தனை தறிகளும் இருக்கின்றன. பக்கத்திலேயே கடல் வேறு இரைந்துகொண்டிருக்கிறது. அந்தக் காதுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டேயில்லை. அதற்குக் கேட்காத ஒரே சத்தம், அடுப்படியிலிருந்து அவர் பெண்சாதி றம்லா கூப்பிடுவதுதான்.

லிங்க் என்பது ஒரு சாண் கம்பி. இரண்டு முனையிலும் உருண்டை மூட்டு. சில்லைத் தாங்குகிற ஆர்மையும், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கிற குறுக்குக் கம்பியையும் அதுதான் கோத்து வைத்திருக்கும். வியாழக்கிழமை பின்னேரம் ஹிஷாமின் வேனுக்குக் கீழே அப்படியொரு லிங்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு மீராசாஹிபு கிடந்தார். முதுகுக்கு ஒரு பழைய காட்போட் மட்டை. முகத்தில் கிரீஸ்.

ஹிஷாம் மருதமுனைச் சாரக் கட்டுகளைப் பொத்துவில் கடைகளுக்கு ஏற்றிப் போகிறவன். கூடப் பாரம் ஏற்றலாம் என்று தடித்த ஆர்ம் இரண்டு வாங்கி வந்திருந்தான். ஆர்ம் இரண்டும் அழகாகப் பூட்டியாயிற்று.

"பழைய லிங்க் கொள்ளாது மொதலாளி," என்று கீழிருந்து குரல் வந்தது. "புது ஆர்ம்ல அது குந்துற இடம் ஒரு இஞ்சி கீழ போயிட்டு. நீட்டு லிங்க் வேணும்."

கராஜ் முதலாளி அப்துல் ஸமட் குனிந்து பார்த்தார். "மேலயும் கீழயும் ஓட்டைக்குச் சரியா வந்து நிக்கிதே?"

"ரெண்டு சில்லும் தொங்குதே. தொங்குற காலுக்கு எந்தச் சப்பாத்தும் கொள்ளும். தரையில எறக்கி, சாமானும் ஏத்தி, மறுகா பாருங்க எங்க கடிக்கிதெண்டு."

"நீட்டு லிங்க் கொழும்புல இரிந்து வர நாலு நாள் செல்லும். இவனுக்கு நாளைக்கு லோட்."

"லோட் தப்பினா பொத்துவில் கடைக்காரன் வேற ஆளைப் புடிச்சிருவான் காக்கா," என்றான் ஹிஷாம்.

"அப்ப ரெண்டு லிங்க்கையும் கழட்டி வெச்சிட்டு ஓடு மனே. வளைவுல கொஞ்சம் சாயும், மெதுவாப் போ. ஒண்டும் முறியாது."

"சாமானைக் கழட்டி வெச்சிட்டு வண்டி குடுத்தா, இந்தக் கராஜ்ட பேர் என்னத்துக்காகும்?" என்றார் ஸமட்.

மீராசாஹிபு வெளியே ஊர்ந்து வந்து எழுந்து நின்றார். சுற்றிலும் நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் அவர் வாய் சும்மா இருந்ததில்லை.

"அப்ப போடுங்க. மூணாவது ஓட்டம். கோமாரிப் பாலம் தாண்டின வளைவு. இடப்பக்கத்து லிங்க் முறிஞ்சி டயரைக் குத்தும். முறியிற சத்தம் இங்க எனக்குக் கேக்கும்."

கராஜே சிரித்தது. "கல்லாறு காணாதெண்டு கோமாரிக்கும் போயிட்டா உங்கட காது?" ஸமட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கட்டார்ல லிங்க் முறிஞ்சாலும் ஒரு சொல்லு சொல்லிருங்க. என்ட மச்சான் அங்கதான் இரிக்கான்."

எல்லோரிலும் பலமாகச் சிரித்தவன் ஹிஷாம். மீராசாஹிபுவும் சேர்ந்து சிரித்தார். லிங்க் இரண்டையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

நட்டை இறுக்கி முடித்ததும் நட்டிலும் ஆணியிலுமாக வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது அவர் வழக்கம். நட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள டிரைவர்மாருக்கு அந்தக் கோடு தெரியும். கோடு இருந்தால் மீராசாஹிபு இறுக்கியது; கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்க வீட்டுக்குப் போனார். வேன் அப்போதும் ஜாக்கியில் நின்றது. பள்ளியில் குத்பாப் பிரசங்கம் முடிகிற நேரத்தில் ஸமட் அவசரமாக வந்து கடைசி வரிசையில் நின்றார். தொழுகை முடிந்து வெளியே வந்து ஸலாம் சொல்லிக் கை கொடுத்தபோது, முதலாளியின் கட்டைவிரல் நகத்தை மீராசாஹிபு கண்டார். நகத்தின் ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட்.

சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கராஜுக்கு ஓடினார். ஜாக்கி மட்டும் நின்றது. மேசையில் லிங்க் இல்லை.

போனில் ஹிஷாம் சொன்னான்: "வெள்ளைக் கோடு இரிக்கே காக்கா. குனிஞ்சி பாத்துட்டுத்தானே எடுத்த."

"அது நான் இழுத்த கோடில்ல மனே. வல்லாஹி, அல்லா மேல சத்தியமா இல்ல. வண்டியைத் திருப்பு."

"நேத்துக் காதுக் கதை, இண்டைக்குக் கோட்டுக் கதையா? லோட்டை எறக்கிட்டு வந்து கேக்கிறன்." சிரிப்போடு போன் நின்றது. பிறகு வெள்ளியும் சனியும் மீராசாஹிபு அழைத்தபோதெல்லாம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஹிஷாம் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹிஷாமுக்கு மூன்றாவது ஓட்டம். காலை பத்து மணி இருக்கும், பிளேன்டீயை வாய்க்குக் கொண்டுபோன மீராசாஹிபுவின் கை பாதியில் நின்றது. காதிலா நெஞ்சிலா என்று தெரியவில்லை, ஒரு 'டக்'.

"முறிஞ்சிட்டு," என்றார்.

"தேத்தண்ணியைக் குடிங்க," என்றார் ஸமட். அவர் சிரிப்பு பாதியோடு நின்றது. அரை மணித்தியாலத்தில் அவருடைய போன் அடித்தது. கோமாரி வளைவு. இடது டயர் கிழிந்து வேன் பள்ளத்தில் கவிழ்ந்திருந்தது. சாரக் கட்டுகள் பற்றைக்குள் சிதறிக் கிடந்தன. ஹிஷாமை அம்பியுலன்ஸில் ஏற்றியபோது அவன் கண்ணைத் திறக்கவில்லை. புதன்கிழமையும் திறக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை பொலிஸில் ஸமட்டுக்குக் கதிரை கொடுத்தார்கள். மீராசாஹிபு நின்றார். மேசையில் பொலித்தீன் பைக்குள் முறிந்த லிங்க் கிடந்தது. நட்டில் வெள்ளைக் கோடு கொஞ்சமும் விலகாமல் இருந்தது.

"இது உன்ட அடையாளமா?" என்றார் பொலிஸ்காரர்.

"அடையாளம் என்ட சேர். கை என்ட இல்ல."

"பின்ன ஆர்ட கை?"

மீராசாஹிபு ஸமட்டைப் பார்த்தார். "மொதலாளிட கை சேர். நான் குளிக்கப் போன நேரம் பூட்டின. அவர்ட நகத்துல பெயின்ட் இரிந்திச்சி."

பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார். மேசை மேல் பத்து விரலும் வைத்திருந்தார் ஸமட். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டுச் சுத்தமாக இருந்தன.

"முறியும் எண்டு உனக்கு முந்தியே தெரியும். எந்த வளைவு, எந்தப் பக்கம் எண்டும் தெரியும். நாலு பேர் சாட்சி சொல்றாங்க. முறிஞ்ச சத்தமும் உனக்குக் கேட்டதாம். இவ்வளவு சரியாச் சொல்றதெண்டா, நீதானே அதைச் செஞ்சிரிக்கோணும்?"

அறுபது வயதில் முதல் தடவையாக மீராசாஹிபு தன் காதைக் கைவிட்டார்.

"கேக்கல்ல சேர். அது வெறும் பெருங்கதை. கோமாரிச் சத்தம் ஒரு மனிசனுக்குக் கேக்குமா? கல்லாறும் பொய்தான். என்ட பொஞ்சாதி கூப்பிட்டாலே எனக்குக் கேக்கிறல்ல. அவள்ட்டக் கேளுங்க." ஸமட்டின் பக்கம் கையை நீட்டினார். "மொதலாளிட்டக் கேளுங்க. அவர் ஒரு நாளும் நம்பினதில்ல."

பொலிஸ்காரர் பேனாவோடு திரும்பினார். வெளியே பிரதான வீதியில் ஏதோ ஒரு வண்டி வலப்பக்கத்து லிங்க் தட்டத் தட்டத் தெற்கே போய்க்கொண்டிருந்தது. மீராசாஹிபு தலை குனிந்துகொண்டார்.

"ஓம் சேர், நான் நம்பல்லதான்," என்றார் அப்துல் ஸமட். "சிரிச்ச. ஆனா நடந்ததை மறைக்கேலாது. இடம் சொன்னார், பக்கம் சொன்னார். டீக் கோப்பையைப் புடிச்சபடி முறிஞ்சிட்டு எண்டார். வல்லாஹி சேர், அவருக்குக் கேட்டிச்சி."