மெஹராஜின் குடை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு இஷ்டத்துக்குக் கதை விடலாம்.

எண்பத்தைந்து மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நடைபாதையில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். யாருக்காகவும் காத்து நிற்கவில்லை. நடந்து வந்தவர் அப்படியே நின்றுபோயிருந்தார். உடம்பு முன்னால் சாய்ந்திருந்தது, பாதங்கள் மட்டும் தரையை விடவில்லை. பின்னால் வந்த கூட்டம் "அரே சலோ பாய்" என்று உரசிக்கொண்டு போனது.

கூட வந்த பெண் குடையை மடக்கினாள். நனைந்துகொண்டே குனிந்து அதை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்தாள். அவர் குடையைத் தாண்டினார். தாண்டியவர் ஒன்றுமே நடக்காதது போல நடந்து போனார். அவள் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். இனி வருவது முழுக்க என் கைச்சரக்கு.

2

தொடக்கம் ஒன்று: தாராவியில் தோல்பை தைக்கும் கார்கானா வைத்திருந்த ஜெயினுலாப்தீன் வாசலில்

தொடக்கம் இரண்டு: அன்று ஜெயினுலாப்தீன் வாசலுக்கு வந்ததும்

தொடக்கம் மூன்று: வாசலைத் தாண்ட

(மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அவருக்கு இருப்பது பார்க்கின்சன் நோய். அந்த நோய் உள்ள சிலருக்கு வாசல் நிலைக்கு வந்ததும் கால் ஒட்டிக்கொள்ளும். என் வாக்கியங்களுக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது.)

சரி, நாற்காலியிலிருந்து தொடங்குகிறேன். ஜெயினுலாப்தீனைப் பார்த்த பெரிய டாக்டர், அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்கள் சொல்வதைத்தான் சொன்னார்: "ஆராம் கரோ", அதாவது ஓய்வெடு. மனைவி மெஹராஜ் அதை மந்திரமாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு தரம் குழாயடியில் விழுந்து அவர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டதிலிருந்து அவள் கை அவர் முழங்கையை விட்டதில்லை. தொழுகைகூட வீட்டில், நாற்காலியில்தான். பெருநாள் தொழுகைக்குப் பள்ளிவாசலில் தோளோடு தோள் சேர்ந்து நின்று இரண்டு வருஷமாகிவிட்டது. அவர் புகார் சொல்லவில்லை. ஆனால் பெருநாள் காலையில் யாருடனும் பேசமாட்டார்.

3

இப்போது விசாலாக்ஷி வர வேண்டும். மாட்டுங்காக்காரி, உடற்பயிற்சியின்போது உடம்புக்குள் நடப்பதைப் படித்தவள். நரம்பு நோயாளிகளுக்காக ஒரு மாடியறையில் பயிற்சி நடத்துகிறாள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வர நாளாயிற்று. முதல் வரைவில் வாயைத் திறந்தால் பிரசங்கம். அவ்வளவையும் அடித்துவிட்டு முன்கோபத்தைக் கொடுத்தேன். அதன் பிறகுதான் ஆள் உயிரோடு நடமாட ஆரம்பித்தாள்.

பயிற்சி சைக்கிளின் பெடலோடு பாதத்தைச் சேர்த்துக் கட்டத் தோல்வார் வேண்டி அவள் கார்கானாவுக்கு வந்தாள். நாற்காலியில் இருந்தவரைக் கண்டாள்.

"பாய், உங்க காலுக்கு ஒரு வியாதியும் இல்லை. மூளையிலேர்ந்து ஆர்டர் வரதுக்குத்தான் லேட்டாறது. சும்மா உக்காந்துண்டே இருந்தா நன்னா இருக்கற காலும் கெட்டுப்போயிடும்."

"பெரிய டாக்டரு ஆராமா இருக்கச் சொல்லிருக்காரும்மா. இவுக விழுந்தா நீங்களா தூக்குவீங்க?" என்றாள் மெஹராஜ்.

"தூக்குவேன். இப்படியே வெச்சிருந்தேள்னா அப்புறம் நாலு பேர் தூக்க வேண்டியிருக்கும்."

சொல்லியிருக்கக் கூடாது. மெஹராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த வாரம் டாக்சி பிடித்து அவரை அழைத்து வந்தவளும் அவள்தான்.

4

அந்த மாடியறையை எழுத எனக்குக் கொள்ளை ஆசை. ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரங்கள், உள்ளே தரையோடு பூட்டிய சைக்கிள். வாசலைத் தாண்டத் தெரியாத கால் பெடலில் ஏறியதும் தடங்கலில்லாமல் சுற்றியது. இது நான் கட்டியதல்ல, இந்த நோயில் இப்படி உண்டு.

"பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகந்தான் கணக்கு" என்பாள் விசாலாக்ஷி, அவர் மணிக்கட்டில் நாடி பிடித்தபடி. "வேர்க்கட்டும் பாய். இருதயத்துக்கும் வேலை வேணுமோல்லியோ?"

பாடும்போது மூச்சு முட்டினால் வேகம் சரி. அவர் பாட்டின் பாதி அடியில் மூச்சு வாங்கி நிறுத்துவார், மீதியை மெஹராஜ் முணுமுணுப்பாள்.

(இந்தப் பகுதியை ஆபீஸ் போகும் லோக்கல் ரயிலில், லேடீஸ் டப்பாவில் எழுதினேன். எழுதிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் சைக்கிளுக்குப் பூட்டு இல்லை. ஜெயினுலாப்தீன் மாடியிலிருந்து இறங்கித் தாராவிச் சந்துகளின் மேலாக, கூரைத் தகரங்களில் சக்கரம் படாமல் மிதித்துக்கொண்டு போனார். உப்பளங்கள் வெள்ளையாகக் கிடந்தன. திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எழுத்தாளரம்மா, என்னய வாசல்லயே நிறுத்தி வச்சிருக்கீயளே." முழித்துப் பார்த்தால் நான் இறங்க வேண்டிய பைகுல்லா போய் மஸ்ஜித் ஸ்டேஷன் வந்திருந்தது. ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

5

சைக்கிளில் கால் தேறியதும் நடை. தரையில் குறுக்கே சாக்பீஸ் கோடுகள். கோட்டைப் பார்த்து அதைத் தாண்டச் சொன்னால் கால் எழும்புகிறது. அவருக்கு வலது கால் அதிகம் இழுக்கும், அதனால் எப்போதும் இடது கால்தான் முதலில் என்று விசாலாக்ஷி பழக்கியிருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பள்ளிவாசல் வரிசையில் போய் நிற்பது என்று மாசக்கணக்காகப் பயிற்சி.

பெருநாள் நெருங்கியபோது ஒருநாள் மெஹராஜ் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இவுக எடது காலல்லா எடுத்து வைக்காக. பள்ளிக்குள்ள வலது கால்தான மொதல்ல வைக்கணும்?"

விசாலாக்ஷி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் வீட்டுக்கு வந்த மன்னிக்கு வலது காலை எடுத்து வைக்கச் சொன்னவளே அவள்தான்.

"ஏன் பாய், உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். அன்னைக்கு வலது கால அல்லா நடத்திருவான்னு இருந்துட்டேன்."

"அதுக்கு எதுக்கு இத்தன நாளு சைக்கிள் மிதிச்சீங்க?" என்றாள் மெஹராஜ்.

கூட வந்திருந்த அவளுடைய தம்பி ஷாகுல் ஹமீது, முடியாதவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்றான். "சலுகையிலதானடே ரெண்டு வருசமா நாக்காலில உக்காந்து தொழுதேன்" என்றார்.

விசாலாக்ஷி சாக்பீஸை எடுத்து முதல் கோட்டை ஓரடி பின்னால் தள்ளிப் போட்டாள். இடது கால் பள்ளிக்கு வெளியிலேயே ஓர் எட்டு வைக்கும். அடுத்த எட்டில் வலது கால் நிலையைத் தாண்டும். உள்ளே தொழுகை வரிசைக்கென்று தரையிலேயே கோடுகள் உண்டு, அது போதும். இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

மெஹராஜ் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "சொல்லிட்டேன். இந்தத் தடவ விழுந்தா இனிமே நாக்காலிதான். சைக்கிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான், எனக்கே பயமாக இருந்தது.

6

பெருநாள் காலை. மழை. பள்ளிவாசலுக்கு முன்னால் சாக்கடை, அதன் மேல் ஒரு கல் பலகை. ஷாகுல் ஹமீது விடியும்போதே பலகையில் போட்டு வைத்த சாக்பீஸ் கோடு கரைந்து போய்விட்டது.

ஜெயினுலாப்தீன் வெள்ளைச் சட்டையில் வந்தார். பலகைக்கு முன்னால் நின்றார். நின்றுபோனார். ஒரு பக்கம் மெஹராஜ், ஒரு கையில் விரித்த குடை, ஒரு கையில் அவர் முழங்கை. அந்தப் பள்ளியில் பெண்கள் உள்ளே போவதில்லை. பலகை வரைதான் அவள்.

முடிவு அ: கால் தானாக எழுகிறது, உள்ளே போகிறார், எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: விழுகிறார். (எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: ஷாகுல் ஹமீது நாற்காலி கொண்டுவருகிறான். "மச்சான், உக்காருங்க. நாலு பேரு சேந்து உள்ள வச்சிருதோம்." ஜெயினுலாப்தீன் தலையைத் திருப்பாமல் சொல்கிறார்: "நாலு பேரு தூக்குறதுக்கு நா என்ன மய்யித்தா?"

இதை நான் எழுதவில்லை, அவராகச் சொன்னது. நாற்காலி நனைந்துகொண்டு கிடக்கிறது.

7

நான்காவது முடிவு ஒன்று இருக்கிறது, உங்களுக்கே தெரியும். கிங்ஸ் சர்க்கிளில் நானே பார்த்தது. ஆனால் அங்கே நான் கடைக்குள் காபியோடு இருந்தேன். இங்கே மெஹராஜுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், குழாயடியில் கேட்ட எலும்புச் சத்தம் எனக்கும் கேட்கிறது.

அவள் கை இருக்கும்வரை அவர் விழமாட்டார். அவள் கை இருக்கும்வரை நகரவும் மாட்டார். இதை விசாலாக்ஷி பலமுறை சொல்லிவிட்டாள். மெஹராஜ் புரியவில்லை என்று சொன்னதில்லை, புரிந்தது என்றும் சொன்னதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மூன்று தொடக்கத்திலிருந்து இதுவரை நானும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எந்தக் காலை எப்போது வைக்க வேண்டும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கையை எடுத்துவிட்டேன். ஜெயினுலாப்தீன் இடது காலை

உள்ளே அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழக்கம் அலை அலையாகக் கேட்கிறது. வரிசையில் ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். மழை சற்றும் குறையவில்லை. மெஹராஜ் குனிந்து பலகையைப் பார்க்கிறாள், பிறகு கையிலிருக்கும் குடையைப் பார்க்கிறாள், பிறகு உங்களைப் பார்க்கிறாள்.

அது பழைய குடை, கம்பி இறுகிப் போயிருக்கிறது. மடக்க இரண்டு கையும் வேண்டும்.